விடுகதை கட்டலாம் வாருங்கள்

விடுகதை சொல்லத் தெரிந்த பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். புதிதாகக் கட்டத் தெரிந்தவர்கள்தான் குறைவு. தெற்கே இதை அழிப்பான் கதை என்பார்கள், இலங்கையில் நொடி என்பார்கள். பெயர் எதுவானாலும் கட்டும் வழி ஒன்றே.

1. பொருளைத் தேர்ந்தெடுங்கள்

கையால் தொட்டுப் பழகிய பொருளாக இருக்கட்டும். அன்பு, அறிவு என்று தொடங்கினால் அது விடுகதையாகாது, பேச்சுப் போட்டியாகிவிடும். இங்கே நுங்கை எடுத்துக்கொள்வோம்.

2. தெரிந்ததையெல்லாம் எழுதுங்கள்

பனையில் காய்க்கும். சீவினால் மூன்று கண் தெரியும். பெருவிரலால் தோண்டித் தின்போம். தின்றபின் மிஞ்சும் கூடுகள் இரண்டைக் குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளி வண்டி ஓட்டுவோம்.

3. காட்டிக்கொடுப்பதை வெட்டுங்கள்

பனை என்ற சொல் வந்தாலே குட்டு உடைந்துவிடும், அது போகட்டும். கண்ணைத் தின்பது விநோதமாக இருக்கிறது, அதை விடாதீர்கள். தொல்காப்பியம் விடுகதையைப் ‘பிசி’ என்கிறது. ஒன்றுக்கு மற்றொன்றை உவமையாக்கிச் சொல்வது, பொருளின் இயல்புகளைக் குறிப்பாக எடுத்துச் சொல்வது என அதை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. நாம் செய்வது இரண்டாவது வகை. தொடங்குபவர்களுக்கு அதுவே எளிது.

4. ஓசை சேருங்கள்

‘மூன்று கண்ணையும் தோண்டித் தின்றுவிட்டு மிச்சத்தில் வண்டி செய்தோம்’ என்றால் சப்பென்று இருக்கிறது. வண்டிக்குச் சக்கரம்தானே கால்? இப்படி மாற்றலாம்:

கண்ணைத் தோண்டித் தின்றோம்,
காலாக்கி உருட்டிச் சென்றோம். அது என்ன?

முதலில் மோனை, முடிவில் இயைபு. ஒருமுறை கேட்டாலே மனதில் நிற்கும்.

5. பொய் இருக்கிறதா என்று பாருங்கள்

பலரும் சறுக்குவது இங்கேதான். விடுகதை திசைதிருப்பலாம், பொய் சொல்லக் கூடாது. ‘காட்டில் பச்சை, கடையில் கறுப்பு, வீட்டில் சிவப்பு’ என்ற பழைய விடுகதையைப் பாருங்கள். மரமாக நின்றது பச்சை, கரியாக விற்றது கறுப்பு, அடுப்பில் எரிவது சிவப்பு. ஒரு சொல்கூடத் தப்பில்லை. விடையைக் கேட்டவர் ‘அட, ஆமாம்!’ என்று தலையில் தட்டிக்கொள்ள வேண்டும். ‘இதெல்லாம் ஏமாற்று’ என்று எழுந்து போகக் கூடாது. வேறொரு விடையும் முழுதாகப் பொருந்தினால் அவருக்கே வெற்றி என்று விட்டுக்கொடுத்து, வீட்டுக்குப் போய் இன்னொரு குறிப்பைச் சேருங்கள்.

6. எழுத்து விளையாட்டு

இது வகுப்பறைப் பிள்ளைகளின் தனிச்சொத்து. எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதும். ‘நான்கெழுத்துக்காரன் கடலில் போவான். நடு இரண்டு போனால் காலில் இடறும், முதல் இரண்டு போனால் கடிக்க உதவும்.’ விடை கப்பல்: கல், பல். புள்ளி வைத்த எழுத்தையும் ஓர் எழுத்தாக எண்ண வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சண்டைதான் மிஞ்சும்.

பயிற்சிக்கு ஒன்று: வண்டியில் உருளும் ஐந்தெழுத்து. முதல் இரண்டு போனால் கையாகும். இரண்டாவதும் மூன்றாவதும் போனால் பூக்காரியிடம் கிடைக்கும். என்ன அது?