சாலை சைக்கிள் பந்தயத்தில் கால் பலத்தையும் தந்திரத்தையும் பிரித்துப் பார்ப்பது எப்படி?

தொழில்முறை சாலை சைக்கிள் பந்தயத்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள், முடிவுக்கோட்டை முதலில் தாண்டியவரே அன்றைய பலசாலி என்று எடுத்துக்கொள்வது வழக்கம். தனிநபர் நேரப் பந்தயத்தில் அது பெரும்பாலும் சரி. அங்கே ஒவ்வொருவரும் தனியாகவே ஓட்டுவதால் ஒளிந்துகொள்ள இடமில்லை. எல்லோரும் ஒன்றாகப் புறப்படும் பந்தயத்தில்தான் கணக்கு மாறுகிறது.

அங்கே முதலில் கவனிக்க வேண்டியது காற்றை. சமதளச் சாலையில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் செல்பவரின் உழைப்பில் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே செலவாகிறது. அவருடைய பின்சக்கரத்தை ஒட்டி வருபவருக்கோ அந்த உழைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகிறது. ஆகவே முன்னால் செல்பவர் முழங்கையை ஆட்டி, "நீ கொஞ்சம் இழு" என்று சைகை காட்டும்போது, பின்னால் இருப்பவர் முன்னே வருகிறாரா, வராவிட்டால் அதற்கு அவரிடம் நியாயமான காரணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இத்தாலியின் ஒருநாள் பந்தயமான மிலான்–சான்ரெமோவின் 2017ஆம் ஆண்டு ஓட்டத்தில் கடைசிப் பத்து நிமிடங்கள் இதற்கு நல்ல பாடம். ஏறத்தாழ 290 கி.மீ. ஓட்டிய பிறகு, போஜ்ஜியோ ஏற்றத்தில் பீட்டர் சாகன் பாய்ந்தார். மிகாவ் குவியாட்கோவ்ஸ்கியும் ஜூலியன் அலஃபிலிப்பும் மட்டுமே அவரைப் பிடித்தனர். அதன் பிறகு பெரும்பாலும் இழுத்தவர் சாகன்தான். மற்ற இருவரின் அணிகளுக்கும் பின்னால் வந்த கூட்டத்தில் ஸ்பிரிண்ட் எனப்படும் கடைசி முழுவேகப் பாய்ச்சலில் வல்ல வீரர்கள் இருந்ததால், கூட்டம் வந்து சேர்ந்தாலும் தங்களுக்குப் பெரிய நஷ்டமில்லை என்று அவர்கள் கையைக் கட்டிக்கொள்ள முடிந்தது. சாகன் முன்னாலிருந்தே ஸ்பிரிண்டைத் தொடங்க, குவியாட்கோவ்ஸ்கி கடைசி மீட்டர்களில் சைக்கிளை முன்னே தள்ளி மயிரிழையில் வென்றார். துரத்திய கூட்டம் 5 விநாடி பின்னால் வந்தது. அன்று அதிகம் உழைத்தவர் சாகன் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஏற்றத்தில் அவரோடு ஒட்டிக்கொள்ளக் கால் பலம் இல்லாதவருக்கு எந்தத் தந்திரமும் உதவியிருக்காது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அடுத்து, துரத்தும் பொறுப்பு யாருடையது என்று கேளுங்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக் பெண்கள் பந்தயத்தில் நெதர்லாந்துக்கு நான்கு நட்சத்திர வீராங்கனைகள் இருந்தனர். எல்லோரும் பல்லக்கு ஏறினால் தூக்குவது யார்? தொடக்கத்திலேயே விலகிச் சென்ற குழுவிலிருந்த ஆஸ்திரியாவின் அன்னா கீஸன்ஹோஃபர், கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், அப்போது எந்தத் தொழில்முறை அணியிலும் இல்லாதவர். கடைசி 40 கி.மீ. அளவுக்குத் தனியாக ஓட்டித் தங்கம் வென்றார். ஒலிம்பிக்கில், முன்னே யார் இருக்கிறார் என்று ஓட்டுபவருக்குச் சொல்லும் அணி வானொலி கிடையாது. அதனால் 75 விநாடி கழித்து வந்த நெதர்லாந்தின் அன்னெமீக் ஃபான் ஃப்ளூட்டன், தாமே வென்றுவிட்டதாக எண்ணிக் கைகளை உயர்த்தினார். மூன்று நாள் கழித்து நேரப் பந்தயத்தில் தங்கம் வென்றவரும் அவரேதான். ஆகவே கால்களைக் குறை சொல்ல வழியில்லை.

மலையில் காற்றின் பங்கு குறையும் என்பதால் அங்கே தந்திரம் வேறு உருவம் எடுக்கிறது. பல நாள் நடக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் 2022ஆம் ஆண்டு 11ஆம் கட்டத்தில், கலிபியே மலையை ஒட்டி ஒரே அணியைச் சேர்ந்த ரோக்லிச்சும் விங்கெகோரும் மாறி மாறிப் பாய, அதுவரை முன்னிலையில் இருந்த பொகாச்சர் ஒவ்வொன்றுக்கும் தாமே பதில் சொன்னார். கிரானோன் ஏற்றத்தில் அந்தக் கடன் வசூலானது: விங்கெகோரிடம் 2 நிமிடம் 51 விநாடியையும், மொத்த நேரத்தில் முன்னிலை வகிப்பவர் அணியும் மஞ்சள் சட்டையையும் இழந்தார். இத்தகைய நாளில், பாய்ந்தவரைவிடப் பதில் சொன்னவர் எத்தனை முறை இருக்கையை விட்டு எழுந்தார் என்று எண்ணுவதே பயன் தரும்.

முடிவு தெரிந்த பந்தயத்தை இரண்டாம் முறை பார்ப்பது மிக நல்ல பயிற்சி. வருணனையின் ஒலியைக் குறைத்துவிட்டு, வென்றவரை மட்டும் பின்தொடர்ந்து, கடைசி 50 கிலோமீட்டரில் அவர் முகத்தில் எவ்வளவு நேரம் காற்று அடித்தது என்று கடிகாரம் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.