மீட்டிங்கில் கடைசிச் சொல் வரை கேட்கும்படி பேசுவது எப்படி?

புதிதாக சூப்பர்வைசர், டீம் லீடர் ஆகி, ஆட்கள் முன் நின்றதும் குரல் உள்ளே போய்விடுகிறது என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குரலைக் கட்டையாக்கும் வித்தை எதுவும் இதில் இல்லை. பின்னாளில் பிரிட்டன் பிரதமரான மார்கரெட் தாட்சர் 1970களில் பயிற்சி எடுத்துத் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டார், வாஸ்தவம்தான். சொல்லித்தர ஆள் இல்லாமல் நாமாக வலிந்து தாழ்த்தினால் தொண்டை கட்டுவதுதான் மிச்சம்.

படி 1: பதிவு செய்யுங்கள்

போனில் இருக்கும் ரெக்கார்டரே போதும். காசு கட்டும் ஆப் எதுவும் வேண்டாம். போனைப் பத்தடி தள்ளி வையுங்கள். வாய்க்குப் பக்கத்தில் வைத்தால் முணுமுணுப்புகூடத் தெளிவாக விழும், குறை தெரியாது. கேட்கும்போது கூசத்தான் செய்யும். நம் குரல் நமக்கு மண்டை எலும்பு வழியாகவும் கேட்பதால் கனமாகத் தெரிகிறது. பதிவில் அந்தக் கனம் இருக்காது.

படி 2: மூச்சு

தோள் தூக்காமல், வயிறு முன்னால் வர மூச்சை இழுத்து, 'ஸ்ஸ்ஸ்' என்று சீராக விட்டுப் பழகுங்கள். அவ்வளவுதான்.

படி 3: வாக்கியத்தின் வால்

என்னை ரொம்ப நாள் இழுத்தடித்த படி இது. தமிழில் முடிவைச் சொல்லும் வினை பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. நமக்கு மூச்சு தீர்வதும் அங்கேதான். "வெள்ளிக்கிழமை மூணாவது லைனை நிறுத்த வேண்டாம்" என்கிறீர்கள். கடைசிச் சொல்லை விழுங்கினால் அது வேண்டுமா, வேண்டாமா என்று பின்வரிசையில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? பாதிப் பேர் மெஷினை நிறுத்துவார்கள், பாதிப் பேர் ஓட்டுவார்கள்.

இதற்கு வாக்கியத்தை வாலிலிருந்து கட்டிப் பழக வேண்டும். சத்தமாகச் சொல்லுங்கள்:

வேண்டாம்.
நிறுத்த வேண்டாம்.
மூணாவது லைனை நிறுத்த வேண்டாம்.
வெள்ளிக்கிழமை மூணாவது லைனை நிறுத்த வேண்டாம்.

நான்கு வரியிலும் 'வேண்டாம்' ஒரே அழுத்தத்தில் விழ வேண்டும். நான்காவதில் தேய்கிறதா? வாக்கியம் உங்கள் மூச்சுக்கு நீளம். இரண்டாக வெட்டுங்கள். முக்கால்வாசிப் பேருக்குக் குரலில் கோளாறு இல்லை, வாக்கியம்தான் நீளம் என்பது என் கட்சி.

அப்புறம் அந்த "சரிங்களா?" கடைசியில் ஒரு தடவை கேட்டால் மரியாதை. வரிக்கு வரி கேட்டால் நீங்கள்தான் அனுமதி கேட்பதுபோல் இருக்கும்.

படி 4: ஸ்ட்ரா

பேசுவதற்கு முன் குரலைச் சூடேற்ற எனக்குப் பிடித்த கருவி இதுதான். டம்ளரில் இரண்டு விரல் உயரத் தண்ணீர், அதில் ஒரு ஸ்ட்ரா. 'ஊ' என்று குரல் கொடுத்தபடி குமிழி விடுங்கள். கீழிருந்து மேலாக, மேலிருந்து கீழாகக் குரலை நகர்த்துங்கள். ஸ்ட்ராவில் உண்டாகும் எதிர் அழுத்தத்தால் குரல் நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதாமல் அதிரும். கன்னம் உப்பினால் ஊதுகிறீர்கள் என்று அர்த்தம், குரல் வரவில்லை.

பின்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் சிலர், பேச ஆரம்பிக்கும்போதே தொண்டை அடைக்கிறது, செருமினால் சரியாகுமா என்று கேட்டிருந்தார்கள். செருமாதீர்கள், நாண்கள் உரசி இன்னும் கரகரக்கும். ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். மிஷின் இரைச்சலில் கத்த வேண்டியிருப்பவர்கள், ஆட்களை ஓரமாக அழைத்துப் பேசுங்கள், இல்லையென்றால் மைக் கேளுங்கள். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் போனால் ஸ்ட்ராவை வைத்துவிட்டு காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள்.