ஆமை நடைக்கு ஆட்களைக் கூட்டிப்போகிறவர் தவிர்க்க வேண்டியவை

சென்னையில் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே, முட்டையிடக் கரையேறும் கடலாமைகளைத் தேடி ராத்திரி மணலில் நடப்பதைத்தான் ஆமை நடை என்கிறோம். 1988 முதல் மாணவர்கள் தோளில் போட்டுக்கொண்டு செய்துவரும் வேலை இது. புதிதாகத் தன்னார்வலராகச் சேர்ந்து பொதுமக்களைக் கூட்டிப்போகப் போகிறவர்களுக்குச் சிலது சொல்லவேண்டும்.

"இன்னிக்கு ஆமை பாத்துடலாம்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பல ராத்திரிகளில் தடம்தான் கிடைக்கும். வாக்குக் கொடுத்திருந்தால் அந்தத் தடத்தைப் பார்த்ததும் எல்லோர் முகமும் வாடிவிடும். உண்மையில் தடம்தான் பாடம். ஏறிய கோடு ஒன்று, இறங்கிய கோடு ஒன்று, நடுவே மணல் கலைந்த வட்டம். எது ஏறியது, எது இறங்கியது என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். துடுப்புக்கால் மணலைப் பின்னால்தான் தள்ளும் என்பதை ஒரு பிள்ளை குனிந்து பார்த்துத் தானே கண்டுபிடிக்கும். அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிட்டால் அது போச்சு. ஒன்றரை அடி ஆழத்தில் சுமார் நூறு முட்டை இருக்கும் என்பதை அப்புறம் சொல்லலாம். குழியைத் தேடுவதும் தோண்டுவதும் வனத்துறை அனுமதியுள்ள, பழகிய கைகளுக்கு மட்டும்.

ஆமை வலியில் அழுகிறது என்ற கதையை விட்டுவிடுங்கள். முதல் இரண்டு பருவம் நானும் அதைத்தான் சொன்னேன். கேட்பவர்கள் உருகினார்கள். பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்: உடம்பில் மிஞ்சும் உப்பைக் கண்ணோரச் சுரப்பி வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். இதைத் திருத்திச் சொன்ன ராத்திரி ஒரு பள்ளிக்கூடத்துப் பெண், "அப்ப கடலுக்குள்ளயும் அழுமா அண்ணா?" என்றாள். ஆமாம், அங்கே நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பழைய கதை இப்படி ஒரு கேள்வியை ஒருநாளும் கொண்டுவந்ததில்லை.

டார்ச்சும் செல்போன் ஃப்ளாஷும் வேண்டாம். வெளிச்சம் பட்டால் கரையேறும் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். குஞ்சுகளோ வெளிச்சமான பக்கமே ஓடும், அதனால்தான் தெருவிளக்கை நம்பி ரோட்டுக்குப் போய்ச் சாகின்றன. கால் மணிநேரம் பொறுத்தால் கண் இருட்டுக்குப் பழகிவிடும்.

செத்து ஒதுங்கிய ஆமையைக் கண்டால் கூட்டத்தை வேகமாக நகர்த்திவிடாதீர்கள். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கில் இப்படி ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல்தான், இழுவலையில் சிக்கினால் மேலே வந்து மூச்சுவிட முடியாமல் மூழ்கிச் சாகும். இதை விளக்கும்போது "மீனவர்கள்தான் காரணம்" என்று மொத்தமாகச் சொல்லிவிடுவதுதான் என்னை அதிகம் வருத்தும் தவறு. பக்கத்தில் சின்ன ஃபைபர் படகுக்காரர் வலையைப் பிரித்துக்கொண்டிருப்பார். இழுவலைக் கப்பல் அவருடையது இல்லை. இந்தக் கடலாமைக்குப் பங்குனி ஆமை என்ற பேரே மீனவர்கள் வாயில் வழங்குவது. அவரையே பேசச் சொல்லுங்கள்.

போன பருவம் ஒரு குப்பத்துப் பெரியவரிடம், "ஐயா, நீங்களே சொல்லுங்களேன்" என்றேன். வலையைக் கீழே வைத்தார். "அது ஏறி வர்றப்ப மூச்சு வாங்குற சத்தம் கேக்கும்பா. அப்ப யாரும் பேசக்கூடாது." இருபது பேரும் அலைப்பக்கம் திரும்பி, அப்படியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.