அக்காவின் லேண்ட்லைனுக்கு ஒரு காலிங் கார்டு

மகளுக்குப் பிரசவம் என்று நானும் என் மனைவியும் பெங்களூரிலிருந்து நியூஜெர்சிக்குப் போய் ஐந்து மாதம் இருந்தோம். கிளம்பும்போது எனக்கு இருந்த பெரிய கவலை அக்காதான். 79 வயது. அல்சூரில் சோமேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் தனியாக இருக்கிறாள். தினமும் ஒரு தடவை அவள் குரலைக் கேட்டுவிட வேண்டும் எனக்கு. பேரன் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட்போன் பீரோவுக்குள் இருக்கிறது. அதில் பேசினால் அவளுக்குக் கேட்பதில்லை. பிஎஸ்என்எல் லேண்ட்லைன் ரிசீவரைக் காதோடு சேர்த்து அழுத்திப் பிடித்தால்தான் கேட்கும்.

காலிங் கார்டு என்பது முன்கூட்டியே காசு கட்டி வாங்கி, அதில் இருக்கும் நம்பர் வழியாக வெளிநாட்டுக்குப் பேசும் அட்டை. இரண்டு பக்கமும் வாட்ஸ்அப் இருந்தால் அதற்குத் தேவையே இல்லை. முன்பு ஸ்கைப்பில் காசு போட்டு லேண்ட்லைனைக் கூப்பிடலாம். 2025 மே மாதம் அதை மூடிவிட்டார்கள். அமெரிக்காவில் சில மொபைல் பிளான்களில் இந்தியாவுக்குப் பேசுவதும் சேர்ந்தே வரும். அதனால் முதலில் பிள்ளைகளிடம் அதைக் கேளுங்கள். இல்லை என்றால்தான் கார்டு. என் மகளின் பிளானில் இல்லை.

நான் பெங்களூர் தூரவாணி நகரில் இருக்கும் ஐடிஐ (இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ்) தொழிற்சாலையில் டெலிபோன்களைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் 31 வருடம் இருந்தவன். 1948-இல் தொடங்கிய தொழிற்சாலை அது. போன் என்றால் எனக்குத் தெரியாதது இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் நியூஜெர்சியின் எடிசன் ஊரில் ஒரு இந்திய மளிகைக் கடைக்குப் போய் முதல் கார்டை வாங்கினேன். 5 டாலர், நூற்றுக்கணக்கான நிமிடம் என்று பெரிதாகப் போட்டிருந்தது. அக்காவிடம் தினமும் நாலு நிமிடம் பேசினேன். இரண்டாவது வாரம் பாதியில் காசு தீர்ந்து லைன் அறுந்துவிட்டது. அக்கா அங்கே ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாளாம். அன்று ராத்திரி பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு கார்டின் பின்பக்கத்துப் பொடி எழுத்தையெல்லாம் படித்தேன்.

அப்போது புரிந்தது இது. எந்தக் கார்டு மலிவு என்று கடைக்காரரைக் கேட்டுப் பயனில்லை. நாம் எப்படிப் பேசுகிறோம் என்பதை முதலில் எழுதிப் பார்க்க வேண்டும். தினமும் கொஞ்சமா, வாரத்துக்கு ஒரு நாள் நிறையவா?

கணக்கு இப்படிப் போகும். இரண்டு கார்டு, இரண்டும் 5 டாலர் என்று வைத்துக்கொள்வோம். முதல் கார்டில் நிமிடத்துக்கு 1 சென்ட். அட்டையில் 500 நிமிடம் என்று போட்டிருக்கும். ஆனால் ஒவ்வொரு முறை லைன் கிடைத்ததும் கனெக்‌ஷன் ஃபீஸ் 49 சென்ட். பேசிய நேரத்தையும் மூன்று மூன்று நிமிடமாகத்தான் கணக்குப் போடுவார்கள். நாலு நிமிடம் பேசினால் ஆறு நிமிடம். ஆக ஒரு காலுக்கு 55 சென்ட். 5 டாலரில் ஒன்பது கால் வரும். 500 நிமிடக் கார்டில் நீங்கள் பேசியது 36 நிமிடம்!

இரண்டாவது கார்டில் நிமிடத்துக்கு இரண்டரை சென்ட். அட்டையில் 200 நிமிடம் என்றுதான் இருக்கும். கனெக்‌ஷன் ஃபீஸ் கிடையாது, நிமிடக் கணக்கு. நாலு நிமிடத்துக்கு 10 சென்ட், ஐம்பது நாள் பேசலாம். சொன்ன 200 நிமிடமும் கைக்கு வரும்.

அதற்காக முதல் கார்டு மோசம் என்று சொல்ல மாட்டேன். என் மனைவி வேலூரில் இருக்கும் தன் தங்கையோடு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் ஒரு மணி நேரம். அவளுக்கு முதல் கார்டில் 1 டாலர் 9 சென்ட், இரண்டாவதில் ஒன்றரை டாலர். இந்தக் கணக்கில் 34 நிமிடத்துக்கு மேல் பேசுகிறவர்களுக்கு முதல் கார்டுதான் லாபம். கடைசியில் எங்கள் வீட்டில் இரண்டு கார்டு வைத்திருந்தோம். அவளுடையது ஒன்று, என்னுடையது ஒன்று.

பின்பக்கத்தில் இன்னும் சில வரிகளைத் தேடிப் படியுங்கள். வாரத்துக்கு ஒரு முறை பராமரிப்புக் கட்டணம் என்று பேசாவிட்டாலும் கழிப்பார்கள். முதல் கால் பேசிய நாளிலிருந்து இத்தனை நாளில் கார்டு காலாவதி என்றிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுகிறவர்கள் 10 டாலர் கார்டு வாங்கக் கூடாது என்பது இதனால்தான். கார்டில் போட்டிருக்கும் டோல்ஃப்ரீ நம்பர் வழியாகப் போனால் கட்டணம் கூடும். பெயரில் ஃப்ரீ இருந்தாலும் அந்தச் செலவை உங்கள் கார்டிலிருந்தே எடுப்பார்கள். மகளின் மொபைலில் அமெரிக்காவுக்குள் பேசுவதற்குத் தனிக் கட்டணம் இல்லையென்றால், கார்டில் இருக்கும் லோக்கல் நம்பரையே பயன்படுத்துங்கள்.

கார்டைச் சுரண்டினால் தெரியும் ரகசிய எண்ணான பின் (PIN) நம்பரைப் போட்டதும் ஒரு குரல், உங்களுக்கு இத்தனை நிமிடம் இருக்கிறது என்று சொல்லும். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். பெரும்பாலும் கட்டணங்களைக் கழிக்காமல் சொல்கிற எண்ணிக்கை அது. நிமிடங்களை ஏமாற்றியதாகச் சில கார்டு கம்பெனிகள் மீது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷனே 2008-இல் வழக்குப் போட்டிருக்கிறது. நான் செய்தது இது: புதுக் கார்டு எதுவானாலும் முதலில் 2 டாலருக்கு மட்டும் வாங்குவேன். பேசுவதற்கு முன்னால் மீதி எவ்வளவு, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் பேசிய பிறகு மீதி எவ்வளவு, மறுநாள் காலை எவ்வளவு என்று மூன்றையும் நோட்டில் எழுதுவேன். மறுநாள் பார்ப்பதுதான் முக்கியம். இரவோடு இரவாகக் கழிகிற காசு அப்போதுதான் தெரியும்.

ரொம்ப மலிவான கார்டில் வேறு ஒரு சிக்கல் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் இந்தியாவில் அந்த அழைப்பை வாங்கிக்கொடுக்கும் போன் கம்பெனிக்கு ஒரு தொகை சேர வேண்டும். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் அதை 53 பைசாவிலிருந்து 30 பைசாவாகக் குறைத்தது. 2020 மே முதல் 35 பைசாவிலிருந்து 65 பைசாவுக்குள் என்று வைத்தது. ஒரு சென்ட் என்பது 80 பைசாவுக்கு மேல். அப்படியிருக்க அரை சென்ட்டுக்கும் கீழே ஒருவர் விற்கிறார் என்றால், ஒன்று வேறு கட்டணத்தில் பிடிக்கிறார், இல்லை கள்ள வழியில் அழைப்பைக் கொண்டுபோய் உள்ளூர் சிம்மிலிருந்து வருகிற மாதிரி இறக்குகிறார். நான் வாங்கிய ஒரு கார்டில் அக்காவின் காலர் ஐடியில் தினம் ஒரு முன்பின் தெரியாத மொபைல் நம்பர் விழுந்தது. பணம் பறிக்கிற போன்களுக்குப் பயந்து தெரியாத நம்பரை அக்கா எடுக்கவே மாட்டாள். மூன்று நாள் மணி அடித்து ஓய்ந்தது. நான்காம் நாள் அந்தக் கார்டைத் தூக்கிப் போட்டேன். நம் நம்பர் அங்கே விழுகிறதா என்று முதல் காலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடையிலேயே செய்ய வேண்டியது: வெள்ளிப் பூச்சு சுரண்டப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயே சுரண்டி, மீதியைக் கேட்டுவிட்டு, பின் நம்பரைப் போட்டோ எடுத்துவிட்டு வெளியே வாருங்கள். அதை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். நம்பர் கிடைத்த யார் வேண்டுமானாலும் அந்தக் காசில் பேசலாம். பின் இல்லாமல் பேசும் வசதியும் உண்டு. மகளின் மொபைல் நம்பரைப் பதிந்துவிட்டால் அதிலிருந்து கூப்பிடும்போது பின் கேட்காது. வயதானவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் தானாக ரீசார்ஜ் ஆகும் ஏற்பாட்டை மட்டும் நிறுத்தி வையுங்கள், ஊருக்குத் திரும்பிய பிறகும் காசு போய்க்கொண்டிருக்கும்.

டயல் செய்வது இந்த வரிசையில்: கார்டின் லோக்கல் நம்பர், பின், அப்புறம் வெளிநாட்டுக்கு 011, அப்புறம் இந்தியாவுக்கு 91, அப்புறம் பெங்களூருக்கு 80, கடைசியாக அக்காவின் எட்டு இலக்க நம்பர். 080 என்று பூஜ்யத்தோடு போட்டுத்தான் பலரும் தவறு செய்கிறார்கள். கூப்பிடுவது மொபைலுக்கு என்றால் 91-க்குப் பிறகு நேராகப் பத்து இலக்கம். இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தேன், பக்கத்திலேயே நேரக் கணக்கும். மார்ச் இரண்டாவது ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை இந்தியா ஒன்பதரை மணி நேரம் முன்னால், மற்ற மாதங்களில் பத்தரை மணி நேரம். கோடையில் நியூஜெர்சி காலை எட்டு என்றால் அல்சூரில் மாலை ஐந்தரை. அக்கா கோயிலுக்குக் கிளம்புகிற நேரம்.

அவசரத்துக்கு அக்கா எங்களைக் கூப்பிடவும் ஒரு வழி வேண்டுமே. அவள் லைனில் வெளிநாட்டுக்குப் பேசும் ஐஎஸ்டி வசதி கிடையாது. அதனால் எதிர்வீட்டுப் பையனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், அவன் வாட்ஸ்அப்பில் எனக்குச் சொல்லிவிடுவான் என்று ஏற்பாடு. ஐந்து மாதத்தில் ஒரே ஒரு தடவை அப்படி வந்தது, விடியற்காலை மூன்று மணிக்கு. பதறிப்போய்க் கார்டைத் தேடி எடுத்துக் கூப்பிட்டேன். "ஒண்ணும் இல்லை தம்பி, குழந்தைக்குப் பேர் வைச்சாச்சான்னு கேக்கத்தான்" என்றாள்.