மார்கழிக்கு முருங்கைக்காய்: கொல்லைக் காய்களை ஃப்ரீசரில் வைப்பது

சித்திரை, வைகாசியில் கடலூரில் முருங்கை மரம் இருக்கிற வீட்டுக்காரர்கள் காயைக் கொடுக்க ஆள் தேடுவார்கள். எங்கள் கூத்தப்பாக்கம் தெருவில் காலையில் கேட் கம்பியில் ஒரு கட்டு செருகியிருந்தால், யார் வீட்டுக் காய் என்றுகூடக் கேட்பதில்லை. அதே காய் கார்த்திகை, மார்கழியில் மார்க்கெட்டில் கை வைக்க முடியாத விலைக்குப் போய்விடும். அந்த இடைவெளிக்காகத்தான் நான் ஃப்ரீசரை நம்புகிறேன்.

"ஐஸ்ல வெச்ச காய் ருசிக்காதுக்கா" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். ருசிக்காததற்குக் காரணம் பெரும்பாலும் ஃப்ரீசர் அல்ல. நாலு நாள் ஃப்ரிட்ஜில் கிடந்து வாடிய காயை, தூக்கிப் போட மனசு வராமல் ஃப்ரீசருக்குள் தள்ளுகிறோம். உள்ளே போகும்போது காய் எப்படி இருக்கிறதோ அதைவிட நன்றாக வெளியே வராது. அதனால் நல்லதை, இளசை, பறித்த அன்றைக்கே வையுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் பறித்து மதியத்துக்குள் ஃப்ரீசரில் இருக்க வேண்டும். முருங்கை விரல் பருமனில், அவரை விதை புடைக்காமல் இருக்கும்போதே.

அடுத்தது கொதிநீர். இதைத் தாண்டிப் போகாதீர்கள். காயில் உள்ள நொதிகள் (என்சைம்கள்) குளிரில் மெதுவாகுமே தவிர முழுசாக நிற்காது. அப்படியே வைத்த அவரை மாதக்கணக்கில் நிறம் மங்கி, ஒரு வைக்கோல் வாசனை வந்துவிடும். கொதிநீரில் சிறிது நேரம் போட்டு எடுத்தால் அந்த வேலை நின்றுவிடும். அரைக் கிலோ காய்க்கு நாலு லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். காயைப் போட்டதும் கொதி அடங்கும். ஒரு நிமிடத்துக்குள் திரும்பக் கொதித்தால் தண்ணீர் போதும் என்று அர்த்தம். மறுபடி கொதி வந்த பிறகுதான் நேரம் பார்க்க வேண்டும். அவரை, கொத்தவரை, முருங்கைக்காய்த் துண்டுக்கு 3 நிமிடம். உரித்த மொச்சைக்கு அளவைப் பார்த்து 2 முதல் 4. கீரைக்கு 2. பாதி நேரத்தில் எடுத்துவிடாதீர்கள், அரைகுறைச் சூடு நொதிகளைக் கிளப்பிவிடும். அதற்குப் போடாமலே இருக்கலாம்.

எடுத்தவுடன் ஐஸ் தண்ணீர், அதுவும் அதே அளவு நேரம். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சித்திரையில் நம் மாடி டேங்க் தண்ணீரே சுடும். குழாயடியில் காட்டினால் காய் ஆறாது, உள்ளே வெந்துகொண்டே இருக்கும். முதல் நாள் ராத்திரியே இரண்டு டப்பாவில் ஐஸ் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வடித்து, துணியில் பரப்பி, ஈரம் போகத் துடைத்து, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி ஃப்ரீசரில் வையுங்கள். நாலைந்து மணி நேரத்தில் கல்லாகிவிடும். பிறகு கவரில் போட்டு, காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டுங்கள். ஒரு கவரில் ஒரு குழம்புக்கான அளவு மட்டும். மேலே பெயரும் மாதமும் எழுதி ஒட்டுங்கள். பனி படிந்த பிறகு மொச்சைக்கும் துவரைக்கும் வித்தியாசம் தெரியாது.

ஒரே நாளில் ஃப்ரீசரை நிரப்பாதீர்கள். 30 லிட்டர் இடத்துக்கு ஒரு நாளைக்கு 1 கிலோ புதுக் காய்தான் சரி. அதற்கு மேல் போனால் மெதுவாக உறைந்து, பனித்துகள் பெரிதாகிக் காயின் சதையைக் கிழித்துவிடும். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் நிற்க வேண்டும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் உள்பெட்டி அந்த அளவுக்குப் போகும் என்று எதிர்பார்க்க முடியாது. அதில் வைத்ததைச் சில வாரங்களுக்குள் சமைத்துவிடுங்கள்.

கொதிநீர் தேவைப்படாதவையும் உண்டு. தேங்காய்த் துருவல், காம்பு கிள்ளிய பச்சை மிளகாய், மாங்காய்த் துண்டு, கறிவேப்பிலை எல்லாம் நேராகப் போகலாம். எலுமிச்சைச் சாறு ஐஸ் ட்ரேயில். பலாப்பழத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் ஆசையாகவே சொல்கிறேன். பண்ருட்டிப் பக்கம் சொந்தம் இருப்பவர்களுக்குத் தெரியும், ஒரு பழத்தை ஒரு வீடு தின்று தீர்க்க முடியாது. கொட்டையை எடுத்து, கழுவாமல், சுளைகளைத் தட்டில் பரப்பி உறைய வையுங்கள். பாதி இளகின நிலையில் சாப்பிட்டால் வேறு இனிப்பே வேண்டாம். பாயசத்துக்கும் நன்றாக இருக்கும். கொட்டையை வேகவைத்துத் தோலுரித்துத் தனியாக வைக்கலாம்.

வெள்ளரி, புடலை, சுரை வேண்டாம். தண்ணீர்க் காய்கள், இளகினால் துவண்டுவிடும்.

சமைக்கும்போது வெளியே எடுத்து இளக விடாமல், கல்லாகவே கொதிக்கும் சாம்பாரில் போடுங்கள். ஏற்கெனவே பாதி வெந்த காய், அதனால் முருங்கையைக் கடைசியில் சேர்த்தால் போதும். அவரை கூட்டுக்கு அருமை. பொரியலுக்குக் கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கும்.

நாம் சேர்த்து வைத்ததைச் சாப்பிடும் மாதங்கள்தான் நம் கரைக்குப் புயல் மாதங்கள். 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல், 2024 நவம்பர் 30-இல் ‘ஃபெஞ்சல்’ புயல். தானே புயலுக்குப் பிறகு மாவட்டத்தில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. புயல் செய்தி வந்தவுடன் காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை முக்கால் நிரப்பி உறைய வையுங்கள். நிறைந்த ஃப்ரீசர் கதவைத் திறக்காமல் இருந்தால் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிறைந்தது 24. ஒரு கிண்ணம் ஐஸ் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். வெளியூர் போய் வரும்போது நாணயம் அடியில் கிடந்தால் எல்லாம் இளகி மறுபடி உறைந்திருக்கிறது, அதைச் சாப்பிடக் கூடாது.

கரண்ட் நீண்ட நேரம் வராவிட்டால், இன்னும் பனித்துகளோடு இருப்பதை அப்போதே சமைத்துவிடுங்கள். முதலில் மொச்சையும் துவரையும், அடுத்து கீரை, அதற்கடுத்து முருங்கை. மாங்காயும் எலுமிச்சைச் சாறும் புளிப்பானவை, அவை கடைசி வரை காத்திருக்கும்.