எழுத்து சரி, கை தப்பு

விஜயதசமி முடிந்ததும் காட்பாடியில் எங்கள் வீட்டுத் திண்ணை நிறைந்துவிடும். ட்யூஷனுக்குப் புதிதாகச் சேரும் பிள்ளைகளோடு அம்மாக்களும் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். பிள்ளைக்குத் தமிழ் எழுத்துப் பழக்குவதில் அவர்கள் செய்யும் தப்புகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வரும், வயிற்றெரிச்சலும் வரும். எல்லாம் என் பெண்ணுக்கு நான் செய்தவைதான். அடிக்காதே, அதட்டாதே என்பதெல்லாம் ஊருக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

நோட்டை மட்டும் பார்த்து டிக் போடுவது

என் பெண் யூகேஜி படித்தபோது தோசை வார்த்துக்கொண்டே வீட்டுப்பாடம் பார்ப்பேன். பக்கம் முழுக்க ‘ப’ எழுதி எடுத்து வருவாள். அச்சடித்த மாதிரி இருக்கும். கரண்டியை வைத்துவிட்டு ஒரு டிக்.

‘ம’ வந்தபோது மாட்டிக்கொண்டேன். எத்தனை முறை காட்டினாலும் கோணிக்கொண்டு போனது. அன்றுதான் பக்கத்தில் உட்கார்ந்து கையைக் கவனித்தேன். ‘ப’வுக்கு இடப்பக்கம் ஒரு கோடு, வலப்பக்கம் ஒரு கோடு, கடைசியில் அடியில் ஒரு கோடு. வேலிக்குக் கம்பு நடுகிற மாதிரி மூன்று முறை பென்சிலை எடுத்து எடுத்து வைக்கிறாள்.

மேலிருந்து இறங்கி வலப்பக்கம் திரும்பினால் ‘ட’. அங்கே நிற்காமல் மேலே ஏறினால் ‘ப’. ஏறிய கோட்டை உள்பக்கம் வளைத்து இறக்கினால் ‘ம’. எல்லாம் ஒரே இழுப்பு. நான் ‘அ’வைத் தள்ளிவைத்து ‘ட’வில் தொடங்குவது இதற்காகத்தான்.

பழகிய கையைத் திருப்ப மூன்று மாதம் ஆனது. நோட்டை மூடிவிட்டு, பக்கத்து வீட்டில் கட்டட வேலைக்கு இறக்கியிருந்த மணலில் ஒரு படி சலித்துத் தாம்பாளத்தில் பரப்பி, விரலால் எழுத வைத்தேன்.

போன மாதம் குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு அம்மா, “எம் பையன் ஒரே நாள்ல நாலு பக்கம் எழுதிட்டான் டீச்சர்” என்றார். “சரிம்மா, ஒரே ஒரு எழுத்து என் எதிர்ல எழுதச் சொல்லுங்க” என்றேன். பையன் ‘ட’வை வலது ஓரத்தில் தொடங்கி, இடப்பக்கம் வந்து, மேலே ஏறினான். நாலு பக்கமும் அப்படித்தான் எழுதியிருப்பான். பக்கத்துக்கு ஒரு நட்சத்திரம் வேறு, பள்ளியில் போட்டது! எனக்கு இன்னும் ஆறவில்லை.

கையைப் பிடித்து எழுத வைப்பது

எழுதுவது நீங்கள்.

247-ம் முடியட்டும் என்று காத்திருப்பது

மூன்று எழுத்தும் புள்ளியும் வந்தாலே படம், மடம், பட்டம் எழுதலாம். ‘பட்டம்’ கற்ற ஒரு வாண்டு வீட்டுச் சுவரெல்லாம் எழுதிவிட்டது. திட்டு எனக்கு விழுந்தது.

தாத்தாவின் ‘லை’

1978-இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வருமுன் படித்தவர்கள் ணை, னை, லை, ளை நான்கையும் தலையில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவு வைத்துத்தான் எழுதுவார்கள். தாத்தா அதையே பெருமையாகச் சொல்லித்தர, பள்ளியில் சிவப்பு மை விழும். அவரைத் தடுக்க வேண்டாம். “இது தாத்தா எழுத்து, பள்ளிக்கூடத்துக்கு வேற” என்று பிள்ளையிடம் சொல்லிவைத்தால் போதும்.

எடுத்ததும் பென்சில்

முதலில் சிலேட்டும் பல்பமும். பல்பத்தை உடைத்துத் துண்டாகக் கொடுங்கள். துண்டை முஷ்டியில் பிடிக்க வராது, விரல் நுனிக்குத் தானாக வந்துவிடும். அப்புறம், பக்கத்திலேயே இருங்கள். தின்றுவிடும்.