எச்.ஐ.வி உள்ள தாய்மாருக்கு: பிள்ளை பிறந்த பிறகு குடும்பத்திட்டம் செய்வது எப்படி?

யாழ்ப்பாணத்தில் பிள்ளை பிறந்தால் 31 ஆம் நாள் துடக்குக் கழியட்டும், மற்றதெல்லாம் பிறகு பார்ப்போம் என்பார்கள். குடும்பத்திட்டத்துக்கு அந்தக் கணக்குச் சரிவராது. தாய்ப்பால் கொடுக்காத பெண்ணுக்கு 4 கிழமைக்குள்ளேயே முட்டை வெளிவரலாம். மாதவிடாய் வரும் முன்பே கரு தங்கவும் கூடும். அதனால் வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே யோசித்து வையுங்கள்.

படி 1: உங்கள் எச்.ஐ.வி குளிசையின் பெயர்

போத்தல் லேபிளை எடுத்துப் பாருங்கள். அதில் எஃபாவிரென்ஸ் இருக்கிறதா? அது கருத்தடை ஹோர்மோனை உடலிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும். கையில் தோலுக்கடியில் வைக்கும் ஜடெல் என்ற கருத்தடைக் குச்சி, கருத்தடைக் குளிசை இரண்டின் பலனும் அதனால் குறையும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும் இப்படித்தான். டொலுடெக்ராவிர் என்றால் இந்தச் சிக்கல் இல்லை. எது எப்படியோ, எச்.ஐ.வி குளிசையை நீங்களாக நிறுத்தவே கூடாது.

படி 2: முதலில் யாரிடம் கேட்பது?

வீட்டுக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸிடம் குளிசையைக் காட்டினால் விஷயம் அயலுக்குத் தெரிந்துவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. உங்கள் நிலை ஏற்கெனவே தெரிந்த இடம் எச்.ஐ.வி மருந்து எடுக்கும் கிளினிக். எந்த முறை பொருந்தும் என்பதை அங்குள்ள டொக்டருடன் பேசி முடிவெடுங்கள். அதன் பிறகு மிட்வைஃபிடம், "மிஸ், எனக்கு லூப் போட வேணும்" என்று கேட்டாலே போதும்.

படி 3: முறையைத் தெரிவுசெய்தல்

என் மனம் முதலில் போவது கர்ப்பப்பைக்குள் வைக்கும் லூப்புக்குத்தான். செம்பு லூப்பில் ஹோர்மோன் இல்லை, எந்தக் குளிசையோடும் மோதாது, 10 வருடம் வரை இருக்கும். பிள்ளை பிறந்து 48 மணித்தியாலத்துக்குள் போடலாம். அது தவறினால் பிள்ளை பிறந்து 4 கிழமை ஆகும்வரை பொறுக்க வேண்டும். பிரசவத்தில் கிருமித்தொற்று இருந்தாலோ, உடல் மிகவும் பலவீனமாக இருந்தாலோ டொக்டர் தள்ளிப்போடுவார்.

3 மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் நல்லது. எஃபாவிரென்ஸ் அதன் பலனைக் குறைக்காது. ஆனால் திகதி தவறக்கூடாது. இனிப் பிள்ளை வேண்டாம் என்று இருவரும் உறுதியாக இருந்தால் எல்.ஆர்.டி, அதாவது பெண்ணுக்குச் செய்யும் நிரந்தரக் கருத்தடைச் சத்திரசிகிச்சை.

படி 4: ஆணுறை

எந்த முறை எடுத்தாலும் இதுவும் கூடவே இருக்கட்டும். ஒழுங்காகக் குளிசை எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவில் தொடர்ந்து இருந்தால் உடலுறவால் எச்.ஐ.வி கணவருக்குத் தொற்றாது. மற்றப் பாலியல் நோய்களைத் தடுக்க ஆணுறைதான் வேண்டும்.

படி 5: அடுத்த பிள்ளை ஆசை இருந்தால்

தாராளமாக ஆசைப்படுங்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி தொற்றுவதை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனம் 2019 இல் இலங்கையை அங்கீகரித்தது. 2 வருட இடைவெளி விட்டு, வைரஸ் அளவைச் சோதித்த பிறகு லூப்பை எடுக்கலாம். ஊசி என்றால் நிறுத்திய பிறகும் கரு தங்கப் பல மாதம் செல்லலாம். அதையும் கணக்கில் வைத்து, எப்போது நிறுத்துவது என்று டொக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.